கத்தரிக்கோலின் எடை

மனித குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய மகத்தான செய்தி இதோ: ஊசியின் எடை ஏறிவிட்டது!

ஊசி என்பவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். காற்றடித்தால் கொடியில் காயும் துணியோடு சேர்த்து இவளுக்கும் கிளிப் மாட்ட வேண்டும் என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். இப்போது ஆறாவது மாதம். எடை ஏறிய செய்தியைத் தாய்சேய் மருத்துவமனையின் பெரிய டாக்டர் வராந்தாவே அதிரும்படி அறிவித்தார்.

"பாத்தீங்களா? எல்லாம் என் ஆலோசனை! இவங்களப் பாத்துக் கத்துக்குங்க!"

வரிசையில் நின்ற கர்ப்பிணிகள் பொறாமையோடு பார்த்தார்கள். ஊசி நெளிந்தாள். வெட்கத்தால் அல்ல. உள்பாவாடைப் பையில் இருந்த துணி வெட்டும் இரும்புக் கத்தரிக்கோல் தொடையில் குத்தியது.

போன மாதம் நர்ஸ் அக்கா தனியாக இழுத்துப்போய்ச் சொன்னதுதான் ஆரம்பம். "கர்ப்பமாகுறப்பவே நீ எலும்பும் தோலுமாத்தான் இருந்த. இப்பவும் ஏறல. இப்படியே போனா குழந்தை மாசம் முடியறதுக்குள்ள வந்துரும்டி. அடுத்த தடவையும் ஏறலன்னா வார்டுல படுக்க வச்சிருவேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, ரெஸ்ட்."

படுத்தால் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். "கர்ப்பம் உன் சொந்த விஷயம்மா, காலர்தான் கம்பெனி விஷயம்" என்று சூப்பர்வைசர் ஏற்கனவே தத்துவம் பேசியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். புருஷன் வேலை தேடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தான்.

சாப்பிட்டு ஏற்றலாமே என்றால், குறுக்கே மாமியார். இரண்டாவது கரண்டிக்குக் கையைப் பிடித்துவிடுவாள். "நீயே வயித்த ரொப்பிக்கிட்டா குழந்தைக்கு எடம் ஏதுடி? பெருசா வளந்துட்டா அப்புறம் கிழிச்சுத்தான் எடுக்கணும்." அவள் பெற்றது ஒன்றே ஒன்று. பேச்சு மட்டும் ஊருக்கே பிரசவம் பார்த்தவள்போல.

ஆகவே கத்தரிக்கோல்.

"அடுத்த மாசம் இஸ்திரிப்பெட்டியக் கட்டிட்டுப் போவியா?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்டாள். இருவரும் நூல் அறுந்தது தெரியாமல் சிரித்தார்கள்.

இஸ்திரிப்பெட்டிக்குத் தேவையே வரவில்லை. அடுத்த வாரம் காலர் ஒன்று மெஷின் ஊசிக்கடியில் பாதியில் நிற்க, பனிக்குடம் உடைந்தது.

பிரசவ அறையில் பெரிய டாக்டருக்கு ஒரே குழப்பம். "எடை நல்லா ஏறிச்சேம்மா! என் கணக்குப்படி இப்ப பிறக்கவே கூடாதே!" அந்தக் கணக்கைக் குழந்தைக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

நர்ஸ் அக்கா ஊசியின் முகத்தையே பார்த்தாள். "என்னடி பண்ணின?"

ஊசி சொன்னாள்.

நர்ஸ் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரிய டாக்டர் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாய்மார்களின் நேர்மை குறித்து ஒரு சிற்றுரை நிகழ்த்தினார். வெளியே மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் சொன்னேன்ல? கிழிக்காமயே வந்துருச்சு."

குழந்தையைக் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு நின்றபின் நர்ஸ் அக்கா துணியில் சுற்றி எடுத்து வந்து, ஊசியின் கையில் வைத்தாள்.

கத்தரிக்கோல் இதைவிடக் கனம்.