பனியனில் போன சித்திரை

ஒரு பனியனைக் காயவைக்கப் போய் சித்திரை மாதம் மொத்தத்தையும் தீர்த்துவிட்டேன்.

அது என் மனைவி தெய்வானை சேர்த்து வைத்த சித்திரை. மொட்டைமாடி சோலார் தகட்டில் முப்பத்தோரு நாள் வெயிலைப் பிடித்து, பேட்டரியில் அடைத்து, ஐப்பசி மழைக்கென்று வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் அப்பளம் காயவைத்துக் கொடுக்க வேண்டும். வெளியே ஒன்பது நாளாக மழை.

பேட்டரியின் குமிழைக் கால்வாசிதான் திருப்ப வேண்டும். எனக்குத் தெரியும். முழுசாகத் திருப்பினேன். கடுகு டப்பாவையும் நான் அப்படித்தான் திறப்பேன்.

பனியன் நன்றாகக் காய்ந்திருந்தது. பார்த்தால் கண் கூசியது.

"கோபமா?" என்றேன்.

"மாவு பிசையணும்," என்றாள்.

பனியனைப் பையில் போட்டுக்கொண்டு வெயில் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். பை ஒழுகியது. பஸ்ஸில் நனைந்து ஏறியவர்கள் எல்லாரும் என் பக்கத்தில் காய்ந்து இறங்கினார்கள். ஒரு அம்மா மட்டும் என்னை முறைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார்.

அலுவலகத்தில் இரண்டு வரிசை. மத்தியானம் வெயில் மிஞ்சிப்போய்க் கொடுக்க வந்தவர்கள் ஒன்றில். சாயங்காலம் போதாமல் கேட்க வந்தவர்கள் இன்னொன்றில். இரண்டிலும் அதே ஆட்கள்தான்.

நான் நிற்க நிற்கக் கட்டடம் மேற்காக நீண்டது. குமாஸ்தாவின் ஜன்னல் தள்ளித் தள்ளிப் போனது. பின்னாலேயே நடந்து பிடித்தேன்.

"என்ன வேணும்?" என்றார் குமாஸ்தா.

"பனியன்ல போன வெயிலை பேட்டரிக்குத் திருப்பணும் சார்."

"நிழல் கொண்டாந்தீங்களா?"

காட்டினேன்.

"ஒரிஜினலா?"

"பிறந்ததுலேருந்து இதுதான் சார்."

"ரெண்டு நகல் வேணும்."

ஜெராக்ஸ் எடுத்தேன். நகல்கள் என்னைவிட நிமிர்ந்து நின்றன. அதற்கப்புறம் குமாஸ்தா அவற்றைப் பார்த்தே பேசினார்.

"திரும்பக் கிடைக்குமா சார்?"

"பன்னெண்டு மணிக்கு வாங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "இப்பவே பன்னெண்டுதானே?"

"அது போன வருஷத்துப் பன்னெண்டு. சேமிப்புலேருந்து எடுத்து ஓட்டிட்டிருக்கோம்."

"அப்ப கிடைக்காதா?"

"அப்படிச் சொல்லலையே."

வீட்டுக்கு வந்தேன். பாதி வெயில் பஸ்ஸிலேயே போயிருந்தது. ஹால் முழுக்க ஈர அப்பளம். தெய்வானை பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"போட்டுக்குங்க."

"சுடுமே."

"போட்டுக்கிட்டு நடுவுல நில்லுங்க."

நின்றேன். என்னைச் சுற்றி வட்டம் வட்டமாக அப்பளத்தைப் பரப்பினாள். முன்னால் இருந்தவை ஓரம் சுருளத் தொடங்கின.

"திரும்புங்க. கால்வாசி."

கால்வாசிதான் திரும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

மழை விடவில்லை. சொம்பில் மோர் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள்.

"தெய்வானை, கோபமா?"

"இன்னும் எழுநூறு இருக்கு."

"அதைக் கேக்கலை. கோபமான்னு கேட்டேன்."

கையிலிருந்த அப்பளத்தை என் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முந்தானையால் என் நெற்றியை ஒற்றினாள்.

"ஆமா," என்றாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும்."