ஒரு நூல் பிசகில்லை

மானுக்கு வழிவிடப் போய் என் மனுசன் தன் வான் வண்டியைக் கொண்டுபோய் மதகில் மோதினார் என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். திருகோணமலையில் மானும் மாடு மாதிரித்தான். கடைவாசலில் படுத்துக் கிடக்கும், வாழைப்பழத் தோல் தின்னும், நினைத்த நேரத்தில் வீதியைக் கடக்கும். என் மனுசன் கோணேஸ்வரன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பி வரும்போது ஒரு குட்டிமான் குறுக்கே பாய்ந்தது. மானுக்கு ஒன்றுமில்லை. இவருக்கு நெற்றியில் சின்னக் காயம். வானுக்குத்தான் செஸி வளைந்துவிட்டது. அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் ஓடுமே, அதுதான் செஸி. மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

"பேரிலையே கோணல் கிடக்கு. இப்ப வானும் கோணலாப் போச்சுது," என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே சொன்னேன். என் வாய் அப்படி. கோபம் மூக்கு நுனியில் நிற்கும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்காது.

கிண்ணியா பாயிஸ் நானாவின் கராஜ் உள்துறைமுகப் பக்கம் இருக்கிறது. கொங்கிறீட் தரையில் இரும்புத் தூண்களை இறுக்கி, எங்கேயோ வாங்கிய பழைய கப்பல் சங்கிலியால் வானை ஒரு பக்கம் கட்டிவிட்டு, மற்றப் பக்கத்தில் செயின் புளொக் என்கிற கப்பியைப் போட்டு இழுப்பார். ஒரேயடியாக இழுக்கமாட்டார். கொஞ்சம் இழுப்பார், தேத்தண்ணி குடிப்பார், பிறகும் இழுப்பார். விட்டால் இரும்பு பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்குமாம், அதனால் தேவைக்கு மேலே கொஞ்சம் இழுத்துத்தான் விட வேண்டுமாம். கையில் வேலை தெரிந்த மனிதர். நாங்கள் வேறு யாரிடமும் போனதில்லை.

வேலை முடிந்ததும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "மூலைக்கு மூலை அளந்து பாத்திட்டன் தங்கச்சி. ஒரு நூல் பிசகில்ல. இனிப் புது வான்தான்."

சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வானை எடுத்தோம். கராஜிலிருந்து உப்புவெளி வீட்டுக்கு வந்து இறங்கியவர் கதவைச் சாத்தாமலே நின்றார்.

"ரூபி, வான் நேராப் போகுதில்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நேராத்தானே வந்து நிக்குது."

"வருகுது. ஆனா பின்பக்கம் ஒரு சரிவா வருகுது. என்ரை முதுகுக்குத் தெரியுது."

டயர் மாற்றினோம். சில்லுக்கு எலைன்மென்ட் பார்த்தோம். பாயிஸ் நானா தானே ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பக்கத்து வீட்டு இராசநாயகம் அண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு, கப்பல் மாதிரிப் போகுது என்றார். கடைசியில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். பயம். அடிபட்டவருக்குப் பயம் வருவது வழமைதானே, போகப் போகச் சரியாகும் என்றார்கள்.

இவரோ ஒரே பிடியில் நின்றார். வான் நேராக ஓடும்வரை பிள்ளைகளை ஏற்றமாட்டாராம். திங்கட்கிழமை புதுத் தவணை தொடங்குகிறது. எங்கள் வானில் பள்ளிக்கூடம் போகிற தர்சனின் தாய் நிஷாந்தினி ரெலிபோன் எடுத்தாள். "அக்கா, கோவிக்காதையுங்கோ. அண்ணைக்குப் பயமெண்டா நான் வேறை வான் பாக்கட்டோ? பிள்ளையல்லோ." அவளில் என்ன பிழை? நானும் தாயென்றால் அப்படித்தான் கேட்பேன். ஒரு பிள்ளை போனால் மற்றப் பிள்ளைகளும் போய்விடும், அதோடு இவர் வானை வித்துவிட்டுக் கதிரையில் குந்திவிடுவார் என்று எனக்கு நடுக்கம் பிடித்தது.

அந்த நடுக்கத்தில் போய் அவருடன் சண்டைக்குப் பாய்ந்தேன். "வானிலை ஒண்டுமில்லை. உங்கடை மண்டையிலைதான் கோணல்!"

திருப்பி ஏசுவார் என்று காத்து நின்றேன். இத்தனை வருசத்தில் என்னோடு ஒரு சண்டையிலும் விட்டுக்கொடுக்காத மனுசன்.

"இருக்கும் ரூபி," என்றார். "எனக்குத்தான் என்னவோ பிழையாக்கும்."

அன்றைக்கு நான் ஆக்கிய கறி எனக்கே இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் வெறும் வானை எடுத்துக்கொண்டு தனியாகத் துறைமுகத்தைச் சுற்றி வருவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், சும்மா என்பார். பயம் தெளிய ஓட்டிப் பழகப் போகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்பதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போனேன். பாரை மீன் ஒன்றைத் தராசில் போட வைத்து, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஐஸ் லொறியிலிருந்து தண்ணீர் ஒழுகி வீதிக்குக் குறுக்கே ஓடியது. வருகிற வாகனமெல்லாம் அதை மிதித்துவிட்டு, அப்பால் காய்ந்த தாரில் ஈரத்தடம் போட்டுக்கொண்டு போனது. பிக்கப் ஒன்று போனது. பக்கத்துக்கு ஒரு கோடாக, இரண்டே கோடு. அதற்குப் பின்னால் எங்கள் வான் வந்தது. இவர் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைக்கூடக் காணாமல் போனார்.

தடத்தைப் பார்த்தேன். நாலு கோடு.

முன்சில்லு போன வழியில் பின்சில்லு போகவில்லை. நாலு விரல் விலகி, பக்கவாட்டில் தனியாக ஒரு தடம் போட்டிருக்கிறது, நண்டு நடந்த மாதிரி. என் மனுசன் சொன்னது அத்தனையும் தாரில் ஈரமாகக் கிடந்தது. வெயிலில் காய்ந்துவிடும் என்று போனை எடுத்து இரண்டு படம் பிடித்தேன். அவசரத்தில் ஒன்றில் என் கால்விரல்தான் விழுந்தது.

"அக்கா, மீன்!"

"வைச்சிருங்கோ, வாறன்!"

இவருக்கு ரெலிபோன் எடுத்து உடனே கராஜுக்கு வரச் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். பாயிஸ் நானா என் முகத்தைப் பார்த்ததுமே கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

"எத்தினை நூல் பிசகில்லையெண்டு சொன்னீங்கள் நானா?"

"ஒரு நூலும் பிசகில்ல தங்கச்சி. அளந்துதானே தந்தனான்."

"எதாலை அளந்தனீங்கள்? இப்ப எனக்குக் காட்டுங்கோ."

அதற்குள் இவரும் வந்துவிட்டார். யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் முகம் வெளுத்துப்போய் இறங்கினார். படத்தைக் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

பாயிஸ் நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. வானைத் தூக்கி நிறுத்திவிட்டு அலுமாரியிலிருந்து ஒரு தகரப்பேணியை எடுத்தார். அளவுநாடா நடுவில் அச்சில் தட்டுமாம், அதனால் எப்போதும் நூல்தானாம். பேணிக்குள்ளிருந்து வந்தது தங்கூசி. தூண்டில் போடுகிற நைலோன் நரம்பு. ஓய்வு கிடைத்தால் ஜெற்றியில் தூண்டிலோடு நிற்கிற மனிதர், கராஜில் சாக்குக் கட்டுவதும் அதால்தான், சாரம் காயப்போடுவதும் அதால்தான்.

முன்வலது மூலைத் துளையிலிருந்து பின்இடது மூலைத் துளைக்கு அதைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் கொண்டுபோனார். காலை டயரில் உதைத்து, பின்னால் சாய்ந்து இழுத்தார். முடிச்சு துளைக்கு நேரே வந்து நின்றது.

"பாத்தீங்களா?"

நான் சல்லி மீன்பிடிக் கரையில் பிறந்தவள். அப்பாவின் தங்கூசியை இழுத்து நீட்டி விளையாடி அடி வாங்கியவள். "நானா, உங்கடை தூண்டில்லை மாட்டின பாரை தப்பி ஓடாது. கொஞ்சம் இளக்கிப் பிடியுங்கோ," என்றேன்.

இளக்கினார். முடிச்சு நாலு விரல் பின்னுக்குப் போய்விட்டது.

பாயிஸ் நானா கையிலிருந்த தங்கூசியை இழுத்தார், விட்டார், திரும்பவும் இழுத்தார். பிறகு தலையில் கை வைத்தார்.

"யா அல்லாஹ்! நான் வானை அளக்கல்ல. மீன் இழுத்திருக்கன்!"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருமட்டும். சிரிப்பு அடங்கியதும் அவர் இவரின் கையைப் பிடித்தார். "அண்ணன், மன்னிச்சுக்கங்க. பிழை என்ட கையில. நான் உங்களுக்குப் பயம் எண்டு ஊரெல்லாம் கதைச்சுப்போட்டன்."

"பரவாயில்லை பாயிஸ்," என்றார் இவர்.

அன்றைக்கே திரும்பவும் சங்கிலி கட்டி இழுத்தார்கள். இந்தமுறை அளந்தது உருக்குக் கம்பியால். பொழுது சாய முன்னம் வீதியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வானை ஓட்டிப் பார்த்தபோது இரண்டே கோடு விழுந்தது. மீன்காரர் பாரையைப் பத்திரமாக வைத்திருந்தார். ராத்திரி நல்ல சொதியோடு சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை திருநீறு பூசி, வானில் ஏறி இருந்தார். இனி ஆயுள் முழுக்க இதைச் சொல்லிக்காட்டப் போகிறார், அதற்கு என்ன மறுமொழி சொல்லலாம் என்று குசினிக்குள் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். வான் ஸ்ராட் ஆகிற சத்தம் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். வான் திறப்பைச் செருகி, அதில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"என்ன, திரும்பவும் கோணலோ?"

"இல்லை ரூபி. வான் நேர். வான் கோணல் எண்டதும் உண்மைதான். நான் பயந்ததும் உண்மைதான். ஊர் சொன்னது பொய்யில்லை. இப்பவும் பயமாத்தான் கிடக்கு."

போட்டிருந்த நைற்றிக்கு மேலே ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, சுற்றிப்போய் முன்சீற்றில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

"நீயும் வாறியோ?"

"ஓம். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ."

திறப்பைத் திருகினார்.

நிஷாந்தினி கேற்றடியில் தர்சனோடு காத்து நின்றாள். வேறு வான் பார்த்திருக்கவில்லை. "அன்ரி, நீங்களும் பள்ளிக்கூடமோ?" என்று கேட்டான் பொடியன். "ஓமடா, போன தவணை பெயில்," என்றேன். பின்சீற்றெல்லாம் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. வீதியை மட்டும் பார்த்து ஓட்டினார். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். நல்ல சீலை உடுத்து, பிள்ளைகளின் புத்தகப் பைகளை மடியில் அடுக்கிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டே சொன்னார். "ரூபி, திங்கட்கிழமை நீ வராதை. பிள்ளையளுக்கு இடம் காணாது."

எனக்கு வந்த சந்தோசத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஓமோம், இப்ப நான் இடைஞ்சலாப் போனன் என்ன!" என்று அயலெல்லாம் கேட்க ஏசிக்கொண்டு இறங்கினேன்.