பூச்சி தின்ற பதில்

1974ஆம் ஆண்டு ஆவணி இரண்டாம் வாரத்தில், ஆரணியில் லோகநாதனின் தறி ஓசையை இழந்தது. தறி நிற்கவில்லை. ஊடுநூலோடு நாடா குறுக்கே ஓடியது, பலகை அடித்தது, ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்கியது, சேலை வளர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. முதல் நாள் அந்த மௌனம் தறியைச் சுற்றி இரண்டு முழம் இருந்தது. தெருவின் மற்ற நாற்பது தறிகளும் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்ததால் அண்டை வீட்டாருக்கு விஷயம் தெரியவே ஒன்பது நாளாயிற்று.

காரணம் ஓர் ஓலை. தேவிகாபுரத்தில் வெகுநாள் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை இடித்தபோது வெளிப்பட்ட ஏட்டுக்கட்டிலிருந்து, லோகநாதன் அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். ஓலையின் ஓரத்தில் யாரோ எழுத்தாணியால் கீறியிருந்த கொடி அவனுக்குப் பிடித்திருந்தது. சேலைக் கரைக்கு அந்தக் கொடியை எடுக்கச் சொல்லி, ஜக்கார்டு அட்டை குத்தும் துரைக்கண்ணுவிடம் கொடுத்தான். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் நூல் எழும், துளை இல்லாத இடத்தில் கிடக்கும். இருபது வருடம் துளைகளையே படித்துவந்த துரைக்கண்ணுவின் கண்ணில் கொடி படவில்லை, எழுத்தும் படவில்லை. பூச்சி அரித்த துளைகள்தான் பட்டன. அவற்றில் ஒன்றுகூட விடாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் குத்தி, "இன்னாப்பா டிசைன் இது, பூவும் இல்ல, காயும் இல்ல" என்று சலித்துக்கொண்டே வரிசையாகக் கோத்துக் கொடுத்தார். ஒரு சாண் நெய்த பிறகுதான் லோகநாதனுக்குத் தவறு புரிந்தது. அதற்குள் தறி ஓசையை இழந்திருந்தது.

ஓலையை எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் குடியிருந்த ஒரு சாஸ்திரியிடம் போனான். அவர் வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மிகப் பழைய உபநிடதம் ஒன்றின் துண்டு என்றார். ஒரு சீடன் கேட்கிறான்: கண் ஓய்கிறது, காது ஓய்கிறது, வாக்கு ஓய்கிறது, மனமும் ஓய்கிறது, அப்போது மிஞ்சுவது எது? குரு 'குழந்தாய்' என்று ஆரம்பிக்கிறார். "கேள்வி முழுசா இருக்கு. பதிலைத்தான் பூச்சி தின்னுடுத்து" என்று சொல்லி ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் லோகநாதனுக்கு ஒன்று தோன்றியது. துரைக்கண்ணு எழுத்தை விட்டுவிட்டுப் பூச்சி தின்றதை மட்டும் எடுத்திருக்கிறார். அப்படியானால் தன் தறியில் ஓடிக்கொண்டிருப்பது பதில். அன்று தொலைந்தது அவன் தூக்கம். அட்டையை மாற்றவில்லை. புள்ளி புள்ளியாய் ஒழுங்கற்ற கரை வைத்த அந்தச் சேலைகள் விற்றன. வாங்கியவர்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.

மௌனம் ஆண்டுக்கு மூன்று முழம் வளர்ந்தது. 1975இல் சமையலறையை எட்டியது, தாளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1976 ஐப்பசியில் லோகநாதனுக்கும் பாஞ்சாலைக்கும் ஒரு பெண் பிறந்தபோது அது வாசற்படிவரை வந்து, அதைத் தாண்டாமல் நின்றுவிட்டிருந்தது. குழந்தை வாய் திறந்து அழுததை எல்லாரும் கண்டார்கள், யாரும் கேட்கவில்லை. அபிதகுசாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். காதில் மூன்று முறை சொன்ன அந்தப் பெயரும் யாருக்கும் கேட்கவில்லை. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வீட்டுக்குள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. யாரும் அதிக நேரம் தங்கவில்லை. அடுத்த தெருப் பள்ளி ஆசிரியர் அற்புதராஜ், நிம்மதியாகப் பரீட்சைத் தாள் திருத்தலாம் என்று கட்டோடு உள்ளே போய், பத்தே நிமிடத்தில் சட்டை வியர்வையில் நனைய வெளியே வந்தார். "இன்னா சார், ஓடியாந்துட்டீங்க?" என்று கேட்டார்கள். "வெளிய சத்தம் நின்னுட்டா உள்ள நிக்கும்னு நெனச்சேம்பா. உள்ள ஒரு சந்தையே நடந்துகினு இருக்குது" என்றார். லோகநாதன் ஒருவன்தான் அந்தச் சந்தை கலையும் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். கலைகிற மாதிரி இருக்கும், கலையாது. எழுந்து நடப்பான், மறுபடி வந்து உட்காருவான்.

மூன்று வயதாகியும் அபிதா ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனத்துக்கு வெளியே தூக்கிப் போனாலும் பேசவில்லை. வேலூரில் பார்த்த டாக்டர் காதிலும் தொண்டையிலும் குறையில்லை என்றார். வீட்டுக்குள் சண்டை போட வழியில்லாததால் பாஞ்சாலை ஒருநாள் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருக்குழாய்வரை வந்தாள்.

"யோவ், பூச்சி துன்ன பதிலு உனுக்கு ஓணும். என் புள்ளைக்கு ஒரு பேச்சு ஓணாமா?"

"இன்னும் கொஞ்சம்தாம்மே. கிட்ட வந்துகினே இருக்குது."

"இன்னாதுய்யா வந்துகினு இருக்குது?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

குடத்தோடு வரிசையில் நின்றிருந்த சின்னம்மா, "ஏம்மே, வுட்டா பொழுதுக்கும் பேசுவீங்க. ஜல்தி முடிங்க, தண்ணி நின்னுடப் போவுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அட்டைய எடுத்து அடுப்புல வைய்யேன்" என்றும் சொன்னாள்.

அன்றே பாஞ்சாலை அட்டைகளை அவிழ்த்து எரித்தாள். லோகநாதன் தடுக்கவில்லை, நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். சாதாரண மாங்காய்க் கரை அட்டையைப் பூட்டினார்கள். தறி அதற்கும் ஓசையில்லாமல்தான் ஓடியது. பாஞ்சாலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போளூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே சந்தை, பஸ் ஸ்டாண்டு, ரயில் என்று எந்நேரமும் இரைச்சல். குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஐந்து மாதம் அறைக்கு அறை நடந்தது. அண்ணி, "ஊமைக்குட்டிய வெச்சிகினு ஒரே பேஜார்" என்று சாடையாகச் சொன்ன அன்று பாஞ்சாலை ஆரணி பஸ் ஏறினாள். திரும்பி வந்த இரவில் அபிதா விடியும்வரை அசையாமல் தூங்கினாள். பாஞ்சாலைக்குத்தான் தூக்கம் வரவில்லை.

1981 சித்திரையில் ஒரு நடுப்பகல். லோகநாதன் நெய்துகொண்டிருந்தான், பாஞ்சாலை ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள், குழந்தை நடுவில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றது.

ஆறரை வருடத்தில் அந்த வீட்டுக்குள் கேட்ட முதல் ஓசை அது. லோகநாதன் கையிலிருந்த நாடா விழுந்தது; விழுந்த ஓசை கேட்கவில்லை. அவன் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தான். வந்தது.

"மோரு வாணாம். ரசம்."

பாஞ்சாலை ஏதோ சொல்லி அழுதாள், அது கேட்கவில்லை. லோகநாதன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, தானே அடுப்பைப் பற்றவைத்து ரசத்தைச் சுடவைத்தான். மகள் எதிரே தனக்கும் ஒரு தட்டு வைத்து உட்கார்ந்தான். பல வருடங்களுக்குப் பிறகு நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடித்தான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் காது கொடுத்துக் காத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குள் அபிதாவின் குரல் மட்டும் கேட்கும் என்பது கொஞ்ச நாளில் தெருவுக்குப் பழகிவிட்டது. பால்காரரிடமோ பாவு நூல் கொண்டுவருகிறவரிடமோ உள்ளிருந்து ஏதும் சொல்ல வேண்டுமானால் அவள்தான் சொன்னாள்.

அடுத்த ஜூன் மாதம் பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டே வாரத்தில் ஆசிரியை ரோசம்மாள் பாஞ்சாலையை வரவழைத்தார். "உங்க பொண்ணு வகுப்புல வாய மூடுறதே இல்லம்மா. பக்கத்துல இருக்குற புள்ளைங்களையும் கெடுக்குது" என்றார். பாஞ்சாலை அந்தப் புகாரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.