வெர்னாவின் கை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு உயர்த்திய வலது கையை வெர்னா கில்க்ரிஸ்ட் ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் இறக்கினாள். அதே வாரம் பெட்ரோல் விலை ஏறியதால் எங்கள் ஊரில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

தெற்குக் கலிபோர்னியாவில் மேட்டைச் சீவிச் சமன்படுத்தி வீடு கட்டுகிற இடத்தில், பழங்கால எலும்பு வெளிப்படுகிறதா என்று பார்க்க ஓர் ஆளை வைத்தாக வேண்டும். அந்த ஆள் கையைத் தூக்கினால் சுற்றிலும் ஐம்பது அடிக்குள் எல்லாம் நிற்க வேண்டும். கையை இறக்கும்வரை அசையக் கூடாது. சட்டம் அப்படி. ஓட்டுநர்கள் வெர்னாவை எலும்புக்காரி என்பார்கள், கையைக் கண்டும் காணாததுபோல் இன்னொரு சுற்றுச் சீவிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அவள் கண்டது அதுதான். ஆனால் அன்றைக்கு லோமா செக்கா மேட்டில், எவரார்டோ ஓல்வேரா ஓட்டி வந்த மண் சீவும் எந்திரத்தின் முன்னால் ஒரு திமிங்கிலத்தின் மண்டையோடு தலைகாட்டியபோது, சட்டம் சற்றுக் கூடுதலாகவே வேலை செய்துவிட்டது. எந்திரத்தின் தகடு மண்டையோட்டுக்கு ஓரடி தள்ளி நின்றது. புழுதி அந்தரத்தில் நின்றது. பறந்துகொண்டிருந்த காகமும் நின்றது. இருக்கையில் எவரார்டோவும் இமைக்காமல் நின்றுபோனார். வெர்னாவால் மட்டும் நடக்க முடிந்தது. கையை இறக்காமலே வெளியே வந்தாள். உறைந்துபோன ஐம்பதடி வட்டம் அங்கேயே இருந்தது.

வேலையிடத்துப் பொறுப்பாளர் டெல்மர் கிராஸ் ஓடிவந்தார். "திமிங்கிலமா? கடல் நாப்பது மைலுக்கு அந்தாண்ட இருக்கு. கையக் கீழ போடு."

"தோண்டி எடுக்கறோம்னு எழுதிக் குடுங்க, போடறேன்."

இல்லாத திமிங்கிலத்துக்கு எப்படி எழுதிக் கொடுப்பது? மதியத்துக்குள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கிய பிறகுதான், கையை இறக்கு என்று அவளுக்கு உத்தரவிட இனி யாருக்கும் உரிமையில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. மற்ற ஊர்களில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர்கள் அன்றைய குறிப்பேட்டில், 'எதுவும் கிடைக்கவில்லை' என்ற இரண்டே சொற்களில் முழுத் திமிங்கிலத்தை மறைத்தார்கள். நிறுவனத்தின் வக்கீல், "இங்க திமிங்கிலம்னு எதுவும்..." என்று சொல்லிக்கொண்டே வட்டத்துக்குள் கால் வைத்து, திறந்த வாயோடு நின்றுவிட்டார். மாவட்டத்தில் ஏழு ஆண்டுகள் வாய் பேசாமல் இருந்த ஒரே வக்கீல் அவர்தான்.

டெல்மரும் வெர்னாவும் ஒத்துப்போன ஒரே விஷயம், எவரார்டோ பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டார் என்பது. "ஒரு பொம்பள கையத் தூக்கினதுக்கு என் ஆளுங்க நிறுத்துவானுங்களா?" என்று டெல்மர் பெருமையாகவே சொன்னார். அதனால்தான் வெர்னா கையை இறக்கவில்லை. இறக்கினால் வண்டி நகரும், மண்டையோடு மாவாகும்.

வட்டத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கட்டி, 'திமிங்கிலக் குன்று' என்று பெயரிட்டு விற்றார்கள். குடியிருப்போர் சங்கம், வண்டியை மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தியதற்காக எவரார்டோவுக்கு மாதாமாதம் நோட்டீஸ் அனுப்பியது. வெர்னா கையை விட்டத்தில் கட்டிக்கொண்டு தூங்கினாள். உணவகத்தில் அவள் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் நால்வர் ஓடிவந்தார்கள். ஏலம் நடக்கும் பக்கம் தெரியாமல் போனதில் அவளுக்கு இரண்டு பியானோக்கள் சேர்ந்தன.

எவரார்டோவின் மனைவி எலோய்சா ஞாயிறுதோறும் நாடாவுக்கு வெளியே நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். அலுவலகங்களில் கேட்டால், விசாரணையில் இருக்கிறது என்றார்கள். அவள் கூந்தல் நரைத்தது. எட்டு வயதாயிருந்த மகளுக்குப் பதினைந்து நெருங்கியது. பதினைந்தாம் பிறந்தநாளில் பெண்ணுக்கு முதல் குதியுயர்ந்த செருப்பை அப்பாதான் குனிந்து மாட்டிவிட வேண்டும்; அது எங்கள் வழக்கம். சித்தப்பா மாட்டட்டுமே என்றார்கள் சிலர். எலோய்சா அதைக் காதில் வாங்கவில்லை. நேரே வெர்னாவின் வீட்டுக்குப் போனாள்.

"அந்த மீனு கோடி வருஷமா பொறுத்துக்கிட்டுக் கெடந்துச்சு மேடம். என்னால இன்னும் ஒரு வாரம்கூட முடியாது. எதுக்கு என் புருஷன இப்படிப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"உங்க வீட்டுக்காரர் பிரேக் போடலியேம்மா. நான் கைய எடுத்தா வண்டி ஏறிடும்."

"யாரு சொன்னா?"

டெல்மர் சொன்னதுதான். எவரார்டோவை அறிந்த ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.

"ஓணான் குறுக்க வந்தாலே நிறுத்தி, அது போறவரைக்கும் காத்துக்கிட்டிருக்கிற மனுஷன் மேடம் அவரு. அவரால நாங்க பூசைக்கு நேரத்துக்குப் போனதே கெடயாது. பிரேக்க மிதிச்சா கீழ் உதட்டக் கடிச்சுக்குவாரு. வந்து பாருங்க."

வெர்னா வந்தாள். தொலைநோக்கியை இடது கையால் பிடித்துப் பார்த்தாள். ஏழு ஆண்டுகளாக மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தாள். எவரார்டோவின் பற்கள் கீழ் உதட்டைக் கடித்திருந்தன. பாதம் பிரேக்கில் இருக்கிறதா என்று தெரியவில்லை, சேறு தடுக்கும் தகடு மறைத்திருந்தது. வெர்னாவுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எலோய்சா அவள் முழங்கையைத் தாங்கிக்கொள்ள, கையை இறக்கினாள்.

காகம் பறந்துபோனது. "...கிடையாது," என்று வக்கீல் முடித்தார். எந்திரம் முக்கால் அடி வழுக்கி, மண்டையோட்டுக்கு நான்கு விரல் முன்னால் நின்றது.

எவரார்டோ இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். "கையக் காட்டினீங்க மேடம், நிறுத்திட்டேன். அதுக்குள்ள ஏன் அழறீங்க?" பிறகு சுற்றியிருந்த வீடுகளையும் மனைவியையும் பார்த்தார். "நீ எப்ப வந்த? தலையில என்ன இவ்வளவு தூசி?"

"உங்க வண்டி கிளப்பின தூசிதான். வாங்க, புள்ளைக்குச் செருப்பு மாட்டணும்."

அவர் அவள் தலையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். போகவில்லை. அதற்குமேல் எதுவும் கேட்காமல் அவளோடு நடந்தார்.