அடுப்பு மூட்டாத நாளின் உருளைக்கிழங்கு

சீதளா சப்தமியன்று ராஜ்கோட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். முந்தின நாளே சமைத்து, அடுப்பைக் கழுவிக் குங்குமம் வைத்துவிட்டு, மறுநாள் முழுக்க ஆறினதைத்தான் சாப்பிட வேண்டும். ஆவணிப் புழுக்கத்துக்கு அதெல்லாம் தெரியுமா? போன வருஷம் கங்குபென் வீட்டில் மதியத்துக்குள் குடும்பமே கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றது. தட்டின தட்டில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சீதளா அம்மனுக்கு ஏதோ கோபம் என்று கங்குபென் முடிவு கட்டிவிட்டாள்.

மருமகள் ஊர்விக்கு இது முதல் சப்தமி. நாத்தனார் ஜாக்ருதி ஏழு மாத வயிற்றோடு பிறந்தகம் வந்திருந்தாள். அம்மா கை உருளைக்கிழங்குக் குழம்பென்றால் அவளுக்கு உயிர். அதைத் தின்று அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போன வருஷக் கதையைக் கேட்டிருந்த ஊர்வி, முந்தின நாள் சமையலின்போதே மாமியாரிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"அத்தை, பூரி, தேப்லா ரொட்டியெல்லாம் வெளியில இருக்கட்டும். குழம்ப மட்டும் ஃப்ரிட்ஜ்ல வச்சிடலாமே."

"ஃப்ரிட்ஜ் நேத்து வந்தது. அம்மன் எப்ப வந்தா?"

"புள்ளத்தாச்சி சாப்பிடப் போறாங்க அத்தை."

"அவளுக்காகத்தானே இந்த வேக்காட்டுல நிக்கிறேன். வந்து நாலு மாசம் ஆகல, எனக்கே பாடம் எடுக்கறா."

ஊர்வி வாயை மூடிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை. குழம்பின் சூடு தணிந்ததும் பாதியை அகலத் தட்டுகளில் பரப்பி மூடி, ஃப்ரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

மறுநாள் பூஜை முடிந்ததும் ஜாக்ருதி தட்டோடு உட்கார்ந்தாள். கங்குபென் மேடைமேல் இருந்த பாத்திரத்தைத் திறந்தாள். ஓரமெல்லாம் நுரை கட்டியிருந்தது.

"என்னம்மா, ஒரு மாதிரி வாடை வருது?"

வேறு நாளாயிருந்தால் கங்குபென் ஒரு கொதி விட்டு ஒப்பேற்றியிருப்பாள். இன்றைக்கு அதற்கும் வழியில்லை. கரண்டியும் கையுமாக மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க ஊர்விக்குப் பாவமாகிவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து தட்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள்.

"பாதிய எடுத்து உள்ள வச்சேன் அத்தை. திட்றதா இருந்தா சாப்பிட்டப்புறம் திட்டுங்க."

கங்குபென் குனிந்து முகர்ந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். பிறகு மகளுக்குப் பரிமாறினாள். ஜாக்ருதி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கெட்டுப்போனதை வெளியே கொட்டிவிட்டு வந்த கங்குபென், கையைத் துடைத்தபடி மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்ன போன வருஷமே கட்டிட்டு வந்திருக்கலாம்டி," என்றாள். "ஒரு தாழ்ப்பாளாவது மிஞ்சியிருக்கும்."