போயிட்டு வரேன்

கீழே லாரிக்காரர் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார். மேலே, காலியான வீட்டில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு, மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் பிழைப்பு. பெற்ற மகளை ஒரு நாற்காலியிலிருந்து எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

“அத்தை இன்னும் வரலை. அத்தைக்கு இந்த அட்ரஸ்தான் தெரியும்” என்றாள்.

அவளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். ரிஜிஸ்டர் என்று வீட்டில் சொன்னார்கள். இந்த வாசலில் நின்று “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வராதவர்கள் நாற்பத்தோரு பேர். தேதி, நேரம், செருப்பின் நிறம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர் அதில் ஏழாவது.

“அது சும்மா பேச்சுக்குச் சொல்றதும்மா” என்றாள் அம்மா.

“அப்ப ‘போறேன்’னு சொல்லலாமே?”

“அப்படிச் சொல்லக் கூடாது.”

“ஏன்?”

அம்மா பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

மற்ற நாற்பது பேரை விட்டுவிட மகள் தயார். அத்தையை மட்டும் முடியாது. “அவங்கதான் வலிக்காம தலை பின்னுவாங்க.”

அத்தை, அப்பாவின் அக்கா. இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவள். பழக்கதோஷம், வாய் அதன்பாட்டுக்கு “போயிட்டு வரேன்” என்று சொல்லிவைத்துவிட்டது. அவளாகப் பேசினால்தான் பேசுவது என்று அப்பா கட்டிக்காத்த வீறாப்பு நாலாவது ஹாரனில் காலியானது. போனை எடுத்தார்.

“அக்கா, நான்தான். நீ வரேன்னு சொல்லிட்டுப் போனியாம், வரலையாம். பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குறா.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்தது. ஹாரன் வந்து காப்பாற்றியது.

அரை மணி நேரத்தில் அத்தை மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

“எழுநூத்துப் பதினாலு நாள்” என்றாள் மகள். மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கிற குரல். “நாலு ஒன்பதுக்கு, ‘இந்தப் பிள்ளைக்குப் பாசம்னா என்னன்னே தெரியாது’ன்னு சொன்னீங்க. நாலு பத்துக்கு, ‘போயிட்டு வரேன்’னு சொன்னீங்க.”

அத்தை வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் நாற்காலியிலிருந்து இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினாள். கீழே ஆறாவது ஹாரன். அப்பா ஜன்னலைச் சாத்தினார்.

பின்னி முடித்ததும் நாற்காலியும் லாரியில் ஏறியது. மகள் புது வீட்டு அட்ரஸைப் பின்கோடு வரை ஒப்பித்தாள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“போயிட்டு…” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வர்ற ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு வரேன்.”

“நாலு பத்து” என்றாள் மகள்.