பறக்கும் பீரோ

சுவாமிநாதனுக்கு எஃகு விமானத்தின் மேல் கொள்ளை ஆசை. அதன் இறக்கை உடைந்துவிடுமோ என்ற பயம் ஆசையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆள் நல்லவர்தான், முதலாளிகளுக்கே உரிய வியாதி அது.

சுகர் லேண்ட் ஊருக்கு வெளியே, அவருடைய சின்னக் கம்பெனியின் ஷெட்டில் அந்த இறக்கை குப்புறக் கிடந்தது. ஆறு பேர் போகும் விமானத்துக்காகத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, கம்பெனியின் இன்ஜினியர் வசந்தாமணி உருவாக்கியது. நாலு வருஷ உழைப்பு. பறக்கும்போது காற்று கீழிருந்து தூக்கும் என்பதால், கவிழ்த்துப் போட்டுப் பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். பறக்கையில் வரக்கூடிய அதிகபட்ச பாரத்தைப் போல ஒன்றரை மடங்கை மூன்று விநாடி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் எஃகைத் தலைமுழுகிவிட்டு அலுமினியத்துக்குப் போவதாக முடிவாகியிருந்தது. தமிழ்ச் சங்க விருந்தில் "என்ன வசந்தா, பறக்கும் பீரோ எப்ப ரெடி?" என்று கேட்காதவர்கள் இல்லை. தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே எஃகில் விமானம் செய்து பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

ஒன்றேகால் மடங்கு ஏற்றியதும் மணல் மூட்டைகள் தீர்ந்துபோயின. சுவாமிநாதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வீடியோ எடுத்தாச்சு, ஸ்டாப் பண்ணிடலாம் வசந்தா. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"சோத்துக்குச் சரிங்க சார். றெக்கைக்கு ஆகாது" என்று வசந்தாமணி வேன் சாவியை எடுத்தாள்.

இந்தியன் ஸ்டோரில் இருந்த இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் அத்தனையும் வேனில் ஏறின. "வீட்ல கல்யாணமா?" என்றார் கடைக்காரர். "பரீட்சைங்க" என்றாள். ஷெட்டுக்கு வந்து, ஒவ்வொன்றையும் எடை பார்த்த பிறகுதான் வெல்டர் மதன் கையில் கொடுத்தாள்.

ஒன்றரை மடங்கு ஏறியபோது தகடு எங்கேயோ 'டங்' என்றது. சுவாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். வசந்தாமணி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. தாங்கிவிட்டது.

"இனிமே ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. எஃகுதான்" என்றார் சுவாமிநாதன். "மெதுவா இறக்குங்க. இதை வாசல்ல வைக்கலாம், வர்றவங்க பாக்கட்டும்."

"இறக்க வேண்டாமுங்க."

"பாஸ் ஆயிடுச்சேம்மா."

"ஆயிருச்சுங்க. எங்க ஒடையும்னு இன்னும் தெரியலையே? அது தெரியாம இதுல ஒருத்தரையும் ஏத்த உடமாட்டனுங்க. பாக்கறதுக்குக் கஷ்டமா இருந்தா நீங்க வெளிய நில்லுங்க."

மதன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி இறக்கையைப் பார்த்தார். வசந்தாமணி யாரையும் பார்க்கவில்லை. அடுத்த மூட்டையைத் தானே தூக்கி அதன் மேல் வைத்தாள்.